புடவைக்குப் பொத்தான் கிடையாது

அன்புள்ள அண்ணன்மார்களுக்கு, தம்பிகளுக்கு, மகன்களுக்கு,

உங்களில் சிலரை, நீங்கள் பிறந்த அன்றே எடை போட்டவள் நான். திண்டுக்கல் மாவட்டத்துத் துணை சுகாதார நிலையங்களில் 1989 முதல் 32 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். தராசில் துணியைக் கட்டி, முள் ஆடி நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். இரண்டரை கிலோ தாண்டிவிட்டது என்று சொன்னதும் உங்கள் அம்மா முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த அம்மாவைப் பற்றித்தான் இப்போது உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் மனைவியைப் பற்றியும், அக்கா தங்கையைப் பற்றியும்.

அவர்களிடமே பேசாமல் உங்களிடம் ஏன் வருகிறேன் என்று கேட்பீர்கள். அவர்களிடம் பேசி ஓய்ந்துவிட்டேன். எண்ணெயைக் குறையுங்கள், சோற்றைக் குறையுங்கள், நடங்கள் என்று நான் சொல்வேன். "சரிங்கம்மா" என்று தலையாட்டுவார்கள். அடுத்த மாதம் அதே எடை, இல்லையென்றால் ஒரு கிலோ கூட. சில வருடம் அவர்கள் மேல் கோபப்பட்டேன். பிறகு அந்த வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து, விடிந்ததிலிருந்து விளக்கு அணைக்கும்வரை ஒரு பெண்ணின் நாள் எப்படிப் போகிறது என்று பார்த்தேன். கோபம் இடம் மாறிவிட்டது. அவர்களிடம் இல்லாத ஒன்றைச் செலவழிக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அது உங்களிடம் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கர்ப்பிணிகளின் அட்டையில் 38 கிலோ, 40 கிலோ என்று எழுதிக் கவலைப்படுவோம். ஓய்வுபெறும்போது 72, 78 என்று எழுதிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். என் கையிலிருந்த அட்டைகளில் மட்டும் நடந்த மாற்றமல்ல இது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 30.9 விழுக்காட்டினர் அதிக எடையோடு இருப்பதாக 2015-16 தேசியக் குடும்ப நல ஆய்வு சொன்னது. 2019-21 ஆய்வில் அது 40.4 ஆகிவிட்டது. பத்தில் மூவர், ஒரே ஆய்வு இடைவெளியில் பத்தில் நால்வரானார்கள். நாடு முழுவதற்கும் அந்த எண் 24தான்.

ஐந்தடி ஓர் அங்குலம் உயரமுள்ள பெண் 60 கிலோவைத் தொட்டால் இந்தக் கணக்கில் வந்துவிடுகிறார். நம் மருத்துவர்கள் 55 கிலோவிலேயே கவனிக்கச் சொல்கிறார்கள். அதே உயரமும் எடையும் உள்ள ஐரோப்பியரைவிட நம் உடம்பில் கொழுப்பு அதிகம், தசை குறைவு என்பது காரணம். ஆண்களாகிய நீங்களும் தமிழ்நாட்டில் 37 விழுக்காட்டில் நிற்கிறீர்கள், அதை நான் மறக்கவில்லை. ஆனால் கொழுப்பு உடம்பில் எங்கே சேர்கிறது என்பதுதான் முக்கியம். 2019-21 ஆய்வில் முதன்முறையாக இடுப்பையும் அளந்தார்கள். அவரவர்க்குரிய அளவை வைத்துப் பார்த்தால், இந்தியப் பெண்களில் 40 விழுக்காட்டினருக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு மிஞ்சியிருந்தது. ஆண்களில் 12.

இது உங்கள் கண்ணில் ஏன் படவில்லை என்று யோசித்திருக்கிறேன். உங்களுக்கு வயிறு போட்டால் பேண்ட் பொத்தான் சொல்லிவிடும். பெல்ட்டில் ஓட்டை தள்ளிப் போகும். புடவைக்குப் பொத்தான் கிடையாது. கொசுவத்தில் இரண்டு மடிப்பைக் குறைத்தால் எந்த உடம்பையும் அது சுற்றிக்கொள்ளும். பாவாடை நாடா எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கும். நைட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஜாக்கெட்டின் உள்தையலைப் பிரித்துவிடும் தையல்காரருக்குத்தான் முதலில் தெரிகிறது. அவர் யாரிடமும் சொல்வதில்லை.

கண்ணில் பட்ட நாளிலும் நாம் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுகிறோம். கல்யாணமான புதிதில் பெண் கொஞ்சம் சதை போட்டால், "புகுந்த வீட்டுத் தண்ணி ஒத்துக்கிச்சு" என்று மெச்சிக்கொள்கிறோம். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு கூடினால், "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணுனா ஊதத்தான் செய்யும்" என்கிறோம். நூற்றுக்கணக்கான பெண்களை அந்த ஆபரேஷனுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவள் சொல்கிறேன்: கருக்குழாயை அடைப்பதால் உடம்பு ஊதாது. சினைப்பைகள் முன்போலவே சுரந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த வயதுக்குப் பிறகு அவர் நாள் போகிற போக்குதான் உடம்பில் ஏறுகிறது. ஆபரேஷன் மேல் பழியைப் போட்டுவிட்டால் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை, அதனால் அந்தப் பேச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது.

என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அவள் சம்மதித்துத்தான் எழுதுகிறேன்.

19 வயதில் கல்யாணமாகிப் போகும்போது 44 கிலோ இருந்தாள். 57 வயதில் 89. முட்டி வலி என்று ஆறு வருடம் மருத்துவமனைகளுக்கு அலைந்தாள். போன இடத்திலெல்லாம் "உடம்பைக் குறைங்க" என்ற ஒரே வாக்கியம்தான் கிடைத்தது. எப்படிக் குறைப்பது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. வேறு தொந்தரவு ஏதாவது உண்டா என்றும் கேட்கவில்லை. ஒரு இடத்தில், வரிசையில் நின்ற ஆண்களுக்கு முன்னால் அவளை எடைமெஷினில் ஏற்றி எண்ணை உரக்கப் படித்தார்கள். அதோடு மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். "திட்டு வாங்குறதுக்கா பஸ் ஏறிப் போகணும்?" என்று என்னிடம் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. நானும் பல பெண்களிடம் அதே வாக்கியத்தைச் சொன்னவள்தானே.

அதற்குப் பிறகுதான், மாதவிலக்கு நின்று மூன்று வருடம் கழிந்திருந்த நிலையில், துணியில் லேசாக ரத்தம் படத் தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. ஊர்ப் பெண்களையெல்லாம் உட்காரவைத்து இதைப் பற்றிப் பேசுகிற தங்கை நான் இருக்கிறேன், என்னிடமும் சொல்லவில்லை. "திரும்ப வந்துருச்சு போல, உடம்புல இன்னும் தெம்பு இருக்கு" என்று நினைத்துக்கொண்டாளாம். ஏழு மாதம். அத்தான் அதே வீட்டில்தான் இருந்தார். நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கைநீட்டியதில்லை, கேட்ட பணத்துக்குக் கணக்குக் கேட்டதில்லை. ஆனால் இப்படியொன்று நடக்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ளும் இடத்தில் அவர் இருந்ததும் இல்லை.

கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தது.

எடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அத்தான் என்னைக் கேட்டார். நீங்களும் கேட்பீர்கள், ஆகவே கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கொழுப்பு என்பது தூக்கிச் சுமக்கும் மூட்டை மட்டுமல்ல. அது ஒரு சுரப்பியைப் போல வேலை செய்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு சினைப்பைகள் ஓய்ந்துபோகின்றன. கொழுப்புத் திசு ஓய்வதில்லை, அது ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜனுக்கு அணைபோடும் இன்னொரு ஹார்மோன், புரொஜெஸ்டிரோன், அப்போது உடம்பில் அநேகமாக இல்லை. மாதாமாதம் வளர்ந்து உதிர்ந்துகொண்டிருந்த கர்ப்பப்பையின் உள்வரி இப்போது உதிராமல் தடித்துக்கொண்டே போகிறது. அந்த வளர்ச்சியில் ஏதோ ஒரு செல் தடம் மாறிவிடுகிறது. மாதவிலக்கு நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோயிலும் இதே ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல், உடல் கொழுப்போடு தொடர்புள்ளவை என்று 13 வகைப் புற்றுநோய்களை அறிவித்தது. கர்ப்பப்பை உள்வரி, மார்பகம், சினைப்பை, பெருங்குடல், பித்தப்பை, சிறுநீரகம், தைராய்டு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. புகையிலை புற்றுநோயைக் கொண்டுவரும் என்று தியேட்டரில் படம் தொடங்குமுன் உங்களுக்குக் காட்டுகிறார்கள். இதை உங்களுக்கு யாரும் காட்டியதில்லை.

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும் அந்த வாரமே பெண்நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். புற்றுநோயாகவே இருந்தாலும் தொடக்கத்தில் பிடித்தால் கர்ப்பப்பையை எடுப்பதோடு பலருக்குத் தீர்ந்துவிடுகிறது. அக்கா ஏழு மாதத்தைத் தொலைத்துவிட்டாள். சுகர் 300-க்கு மேல் நின்றதால் ஆபரேஷனை இரண்டு வாரம் தள்ளிப் போட்டார்கள். வயிற்றுத் தையல் ஆறுவதற்கு மூன்று மாதம் ஆனது. பிறகு கதிர்வீச்சு. பிழைத்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டில் சொல்லப்படாமல் இருப்பது ரத்தப்போக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கல்யாண வீட்டுக்கு வர மறுக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். கூட்டம் பிடிக்கவில்லை என்பார்கள். உண்மைக் காரணம், தும்மினால், இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது. வயிற்றுக் கொழுப்பு சிறுநீர்ப்பையை ஓயாமல் அழுத்துகிறது. பிள்ளை பெற்ற இடுப்புத் தசை ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. எடை குறைத்தால் இந்தக் கசிவு கண்கூடாகக் குறையும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். அமெரிக்காவில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் எடையில் எட்டு விழுக்காடு குறைத்த பெண்களுக்குக் கசிவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 75 கிலோ உள்ளவருக்கு அது ஆறு கிலோ. ஆறு கிலோவில் ஒரு பெண் பஸ் ஏறவும், கோயிலுக்குப் போகவும், சத்தமாகச் சிரிக்கவும் முடியும்.

இன்னொன்று "வாயு". நடு இரவில் நெஞ்சடைப்பு, முதுகுப் பக்கம் வலி, தாடையில் இழுப்பு, காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்கல். "கேஸ் டிரபிள்தான்" என்று ஓமத் தண்ணீரையோ சோடாவையோ குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். பெண்ணுக்கு மாரடைப்பு பல நேரம் இப்படித்தான் வருகிறது. சினிமாவில் ஆண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதைப் போலவே எப்போதும் வருவதில்லை. மாதவிலக்கு இருக்கும் காலத்தில் பெண்ணின் இதயத்துக்கு இயற்கை கொஞ்சம் காவல் கொடுத்திருக்கிறது. சுகர் வந்துவிட்டால் அந்தக் காவல் போய்விடுகிறது. வயிற்றுக் கொழுப்பும் சுகரும் பிரஷரும் சேர்ந்த ஒரு பெண் இரவில் அப்படி உட்கார்ந்தால், ஓமத்தைத் தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கணவன்மார்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் மனைவிக்குக் கர்ப்ப காலத்தில் சுகர் இருந்ததா? தமிழ்நாட்டில் 2007-லிருந்து எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துப் பரிசோதிக்கிறோம். அதில் கண்டுபிடித்து, ஊசி போட்டு, பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மருத்துவமனையும் மறந்துவிடுகிறது. அப்படி வந்தவருக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட ஏழு மடங்கு என்று 2009-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். எடையும் ஏறினால் அது முன்னதாகவே வரும். பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கும்போது அவருக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுத்திருக்க வேண்டும். எடுத்தீர்களா?

முட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லா வீட்டிலும் கேட்கும் முனகல்தான். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. பத்து வருடக் காலத்தில் சுமார் ஐந்து கிலோ குறைத்த பெண்களுக்கு மூட்டுத் தேய்மான வலி வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்கியதை அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊர் மக்களிடம் நடந்த நீண்ட ஆய்வு காட்டியது. மறுபடியும் ஐந்து ஆறு கிலோக் கணக்குதான் வருகிறது, பாருங்கள். உங்கள் மனைவி கல்யாண ஆல்பத்தில் இருந்ததுபோல் ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அப்படி ஆக வேண்டும் என்ற நினைப்புதான் பலரைத் தொடங்கவிடாமலே செய்கிறது.

அந்த ஐந்து கிலோவுக்கு என்ன வேண்டும்? இங்கேதான் உங்களிடம் வருகிறேன்.

"நானும்தான் வாக்கிங் போகச் சொல்றேன், அவ கேட்டாத்தானே" என்று எத்தனையோ கணவன்மார்கள் என்னிடம் சலித்துக்கொண்டிருக்கிறார்கள். எப்போது போகச் சொன்னீர்கள்? காலை ஐந்தரைக்கு எழுந்தால் பால், காபி, இட்லி, மதியச் சாப்பாடு, மூன்று டப்பா, பள்ளிக்கூட வேன். எட்டரைக்கு மேல் வெயில். வேலைக்குப் போகிறவர் என்றால் அந்த வெயிலும் அவருக்குக் கிடைக்காது. மாலையில் பிள்ளைகள், மாமியாருக்கு மாத்திரை, இரவுக்கு மாவு, எல்லோரும் சாப்பிட்டபின் பத்து மணிக்குத் தன் தட்டு. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் கொடுக்கிறார். வீட்டு வேலையில் கைவைக்கும் ஆண் 88 நிமிடம். 2019-இல் அந்த எண்கள் 299, 97. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்ததே என்று பார்த்தால், அதை ஆண் எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. 2019-இல் அந்த வேலையில் கைவைத்த ஆண்களே நால்வரில் ஒருவர்தான்.

வீட்டு வேலையே நல்ல உடற்பயிற்சிதானே என்று சொல்லாதீர்கள். அடுப்படியில் நான்கு மணி நேரம் நிற்பது காலில் நரம்பு சுருட்டவைக்கும், முட்டியைத் தேய்க்கும்; இதயத்துக்கு எந்த வேலையும் கொடுக்காது. களைப்பு வேறு, பயிற்சி வேறு. இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்று 2022-ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. ஆண்களில் 42. நாள் முழுக்க ஓய்வில்லாமல் இருப்பவர்தான் உடலியக்கம் இல்லாதவராகவும் இருக்கிறார். இதை நான் புரிந்துகொள்ளப் பல வருடம் ஆயிற்று.

வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை வேண்டும் என்கிறார்கள். நடை என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ இரண்டரை வருடம் கவனித்து 2006-இல் வெளியிட்டார்கள். நடையையும் சாப்பாட்டையும் ஒழுங்குபடுத்தியவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை கொடுத்துப் பார்த்தவர்களுக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான் பலன். இதில் என் மனதை விட்டு நீங்காத செய்தி, நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான். முள் இறங்காவிட்டாலும் நடை உள்ளே தன் வேலையைச் செய்திருக்கிறது. "ரெண்டு மாசம் நடந்தும் ஒரு கிலோ குறையல" என்று அவர் செருப்பை ஓரம் கட்டும் நாளில் இதை அவரிடம் சொல்லுங்கள்.

2023 நவம்பரில் அரசு மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைக் குறித்துக் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் ஒரு பெண்ணுக்குத் தன் அடுப்படியிலிருந்து அந்தப் பாதைவரை வருவதுதான் நீண்ட தூரம். நாய், இருட்டு, "யாருக்காக இந்த வயசுல நடக்கிறா" என்று திண்ணையில் கேட்கும் குரல். தெருவிளக்கு எரியவில்லை என்று ஊராட்சியில் போய்க் கேட்க உங்களால் முடியும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் சிநேகிதர்.

அடுத்தது தட்டு. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 விழுக்காடு, ரத்தசோகை உள்ளவர்கள். அதே பெண்களில்தான் நாற்பது விழுக்காடு அதிக எடை. உடம்பு இருக்கிறது, ரத்தம் இல்லை. இது எப்படி என்று குழம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் யார் தட்டில் என்ன விழுகிறது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. வறுத்த மீன் உங்களுக்கு, பையனுக்கு, மாமனாருக்கு. கடைசியில் அவருக்குச் சோறும் குழம்பும், அதோடு பிள்ளை மிச்சம் வைத்த பாதித் தட்டும். கொட்ட மனசு வராது. ரேஷன் அரிசி கிடைத்த பிறகு வயிறு நிறையாத வீடு குறைந்தது, அது பெரிய புண்ணியம். ஆனால் முட்டையும் மீனும் பயறும் கீரையும் அந்த வயிற்றுக்குப் போய்ச் சேரவில்லை. பசி சோற்றால் அடைக்கப்படுகிறது. இதற்கு நடுவில் இரவு ஒன்பதரைக்கு நீங்கள் ஆசையாகப் பரோட்டாப் பொட்டலத்தோடு வருகிறீர்கள். உங்கள் அன்பு எனக்குத் தெரியும். வேறு எதையாவது வாங்கி வாருங்கள்.

சுலப வழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பவுடர், கசாயம், ஏழு நாளில் ஏழு கிலோ என்பவற்றுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை போடும் ஊசி இப்போது வந்திருக்கிறது. தேவையானவருக்கு மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் அதில் தவறில்லை. ஆனால் புரதமும் நடையும் இல்லாமல் போட்டுக்கொண்டால் கொழுப்போடு தசையும் கரையும். எடை ஏறத் தைராய்டும் காரணமாக இருக்கலாம், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிறகு, உங்கள் நாக்கு. "குண்டம்மா", "பூசணி", "தண்ணி லாரி". பாசத்தில் சொல்வதாக நினைக்கிறீர்கள். அவரும் சிரிக்கிறார். பின்னாலேயே என்னிடம் வந்து, எடைமெஷினில் ஏற மாட்டேன் என்று சுவரைப் பார்த்து நின்ற பெண்களை நான் எண்ணி முடிக்க முடியாது. தன் உடம்பைப் பார்த்து வெட்கப்படக் கற்றுக்கொண்ட பெண் அந்த உடம்பை மருத்துவரிடம் காட்ட மாட்டாள். மார்பில் கட்டி வந்தாலும், துணியில் ரத்தம் பட்டாலும். என் அக்காவின் ஏழு மாதம் அந்த வெட்கத்தில்தான் போனது. மகன்களே, உங்கள் அம்மாவின் உருவத்தைப் பற்றிய எந்தச் சொல்லும் இனி உங்கள் வாயில் வர வேண்டாம். அம்மா தூங்கும்போது குறட்டை விட்டால் அதைப் போனில் பதிவு செய்து சிரிக்க வேண்டாம். நடுவில் மூச்சு நின்று திணறுகிறதா என்று கவனியுங்கள், திணறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நான் உங்களிடம் கேட்பது ஒரு மணி நேரம். நாளொன்றுக்கு, கடிகாரத்தில் குறித்த ஒரு மணி நேரம். நேரம் கிடைக்கும்போது என்றால் அது கிடைக்கவே கிடைக்காது. காலை ஆறிலிருந்து ஏழோ, மாலை ஆறிலிருந்து ஏழோ, உங்கள் வீட்டுக்கு எது ஒத்துவருமோ அது. அந்த நேரத்தில் நடக்கும் வேலை எதுவோ அதை நீங்கள் செய்யுங்கள். "உதவி" என்று செய்யாதீர்கள். உதவி என்றால் உப்பு எங்கே, டப்பா எங்கே என்று அவரையே கூப்பிடுவீர்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு அது உங்கள் வேலை. அவர் நடக்கட்டும். முட்டி வலியால் நடக்க முடியாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கட்டும், மெல்ல மெல்ல மாடியில் நடக்கட்டும். முதல் வாரம் அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்தே இருந்தாலும் ஒன்றும் சொல்லாதீர்கள். பல வருடக் களைப்பு அது.

தையல் டேப் வீட்டில் இருக்கும். தொப்புளுக்குச் சற்று மேலே, மூச்சை விட்டபின் சுற்றி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், உங்களுக்கு 90. முதலில் உங்களை அளந்து எண்ணைச் சொல்லுங்கள், பிறகு அவர் அளந்துகொள்ளட்டும். 80-க்கு மேல் இருந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், அவர்கள் வரும்போது "அவங்க குளிக்கிறாங்க, அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடாதீர்கள். மருத்துவரிடம் கூடவே போங்கள். "உடம்பைக் குறைங்க" என்று மட்டும் சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டால், எழுந்துவிடாமல், எப்படிக் குறைப்பது, வேறு என்ன பரிசோதிக்க வேண்டும் என்று நீங்கள் கேளுங்கள். கேட்கும் தைரியம் அவரிடம் மிச்சமில்லாமல் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மீனில் முதல் துண்டை அவர் தட்டில் வையுங்கள், அவர் உட்கார்ந்த பிறகு நீங்கள் சாப்பிடத் தொடங்குங்கள்.

அக்காவுக்கு இப்போது 63 வயது. 78 கிலோ. இடுப்பு 80-க்கு வரவில்லை, வரும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. இன்சுலின் நின்று மாத்திரை மட்டும் போதும் என்று ஆகியிருக்கிறது. தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை நின்று நின்று போனவள் இப்போது கண்மாய்க் கரையில் ஒரு சுற்று வருகிறாள். கதிர்வீச்சு முடிந்து வீட்டுக்கு வந்த மறுவாரம் அத்தான் அவராகவே அடுப்படிக்குள் போனார். முதல் மாதம் பால் மூன்று தடவை பொங்கியது. இப்போது காலை ஐந்தே முக்காலுக்கு அவர் விளக்கைப் போடுகிறார். அக்கா எழுந்து முகம் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். திரும்பி வரும்போது டிபன் டப்பாக்கள் மூடியிருக்கும். இதை முன்பே செய்திருக்கலாமே என்று அத்தான் என்னிடம் ஒருநாள் சொன்னார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

இன்றிரவு படுக்கும் முன் உங்கள் வீட்டில் அந்த ஒரு மணி நேரம் எது என்று அவரிடம் கேட்டு முடிவு செய்துவிடுங்கள். நாளைக் காலை அலாரத்தை உங்கள் போனில் வையுங்கள். அவர் பழக்கத்தில் எழுந்து அடுப்படிக்கு வருவார். "நீ போய்ட்டு வா, பாலை நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களை எடை போட்ட நர்ஸம்மா